பம்புக்குப் பொட்டு வெச்ச கதை

பாத்துங்க தம்பி, காலைக் கொஞ்சம் அக்கட்ட ஒதுக்கிக்கங்க. மஞ்சத்துணி சுத்திப் பொட்டு வெச்சிருக்குதேன்னு கும்பிட்டுறாதீங்க, சாமி இல்லீங்க அது. பம்பு. கியர் ஆயில் பம்பு. உள்ள ஆயில் நெறைய இருக்குது. தட்டி உட்டீங்கன்னா பஸ்ஸு பூரா வழுக்கும், அப்பறம் கண்டக்டர் நம்ம ரெண்டு பேரையும் எறக்கி உட்டுருவாரு.

எதுவரைக்குங்க போறீங்க? தாராபுரமா? அப்பச் சரி. நான் அதுக்கு முன்னாடியே கோயில் பிரிவுல எறங்கிருவேன். தங்கச்சி குழந்தைக்கு இன்னைக்குக் காது குத்துங்க, குலதெய்வக் கோயில்ல. நாந்தான் தாய்மாமன். எம்மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். முன்னாடி லேடீஸ் சீட்டுல பட்டுச்சீலை கட்டிக்கிட்டு, சீர்த்தட்டத்தையெல்லாம் மடியில அடுக்கி வெச்சுக்கிட்டு ஒரு அம்மா திரும்பித் திரும்பி மொறைக்குது பாருங்க, அது எங்க ஊட்டுக்காரி ஈஸ்வரி. உங்களையில்லீங்க. என்னை.

எங்க ஊட்டுல ஜீப்பு இருக்குதுங்க. அதை மொதல்லயே சொல்லிர்றேன். தாய்மாமன் சீரைப் பஸ்ஸுல கொண்டு போறானே, ஒண்ணுமில்லாதவனாட்ட இருக்குதுன்னு நெனைச்சுராதீங்க. தேங்காத் தோப்பு இருக்குது, ஜீப்பு இருக்குது. ஜீப்புலதான் இப்ப ஒரு சொட்டுக் கியர் ஆயில் இல்லை. வாசல்ல நிக்குது. அதுக்குக் காரணம் நானில்லீங்க. எங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளைன்னா தங்கச்சி கலாமணியைக் கட்டுனவரு. தெய்வசிகாமணின்னு பேரு. உடுமலை ரோட்டுல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காரு. கையில வேலை இருக்குதுங்க, அதை நான் மறைக்க மாட்டேன். எல்லா ஊரு வண்டியும் அவருகிட்டத்தான் வருது. நல்ல மனுசன்தான். வாய்தான் சித்த சும்மா இருக்காது.

போன வருசம் ஒறம்பரையில, சொந்தத்துல, ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கறோம். எதுத்தாப்புல இருந்த ஒருத்தரு சும்மா இருக்காம, "ஏனுங்க சென்னியப்பண்ணா, உங்க ஜீப்பு எங்கூருக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்துருதே"ன்னு கேட்டாரு. நான் மரியாதையா, "ஆயிலு சரியில்லீங்க, மாத்தோணும்"ன்னேன். அதோட முடிஞ்சிருக்கோணுமா இல்லீங்களா? எங்க மாப்பிள்ளை எலையில இருந்து நிமுந்து, "ஆயிலு நல்லாத்தானுங்க இருக்குது. மச்சான் கிளட்சை மிதிக்காமயே கியரைப் போடறாரு. கியர் பாக்ஸ் அழாம என்ன பண்ணும்?"ங்கறாரு. பந்தியே சிரிக்குது. ரசம் ஊத்த வந்த ஆளு, கரண்டியை என்ற எலைக்கு நேரா வெச்சுக்கிட்டுச் சிரிக்கறானுங்க.

நான் மிதிக்காமயா இருக்கறேன்? மிதிக்கறேனுங்க. பாதி மிதிக்கறேன். முழுசா மிதிச்சாத் தேயுமில்லீங்களா? ஒரு பொருளு நமக்கு ரொம்ப நாளைக்கு ஒழைக்கோணும்னா அதை அளவாத்தான் மிதிக்கோணும். நீங்க சொல்லுங்க. வண்டி ஓட்டுவீங்களா? ஓட்ட மாட்டீங்களா? சரி உடுங்க.

மோரு வாங்காமயே எந்திரிச்சுட்டேன். அன்னைக்குப் பாயசம் வேற இருந்துது, அதையும் உட்டுட்டேன். அதோட அவரு ஒர்க்‌ஷாப்புக்குப் போறதில்லை, பேச்சும் இல்லை. கலாமணியைக் கொண்டாந்து உடறதுக்கு அவரு எங்க ஊட்டுக்கு வந்தாருன்னா நான் ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளி வழியாத் தோப்புக்குப் போயிருவேன். அவரும் வாசலோட திரும்பிருவாரு. அவருக்கும் ரோசம் இருக்குமில்லீங்களா.

அப்பத்தான் முடிவு பண்ணுனேன். நம்ம வண்டிக்கு நம்மளே ஆயிலு மாத்தறது, இன்னொருத்தன் கைய எதிர்பாக்கறதில்லைன்னு. ஆனா இந்தக் கியர் ஆயில் இருக்குது பாருங்க, அது எஞ்சின் ஆயிலாட்ட மேல மூடியத் தெறந்து ஊத்தற சமாச்சாரமில்லை. ஊத்தற ஓட்டை வண்டிக்கு அடியில, பக்கவாட்டுல இருக்குது. ஆயிலோ தேன் பதம். கீழ மல்லாக்கப் படுத்துக்கிட்டு எப்படி ஊத்தறது? பம்பு வேணும்.

மொதல்ல வாங்குனது ஊசி மாதிரிங்க. மாட்டாசுபத்திரியில பெரிய ஊசி வெச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. பிளாஸ்டிக்கு. கியர் ஆயிலை எதுக்கு வீணாக்கறதுன்னு கம்பங்கூழ ஊத்திச் சோதனை பண்ணுனேன். ரெண்டும் ஒரே பதம்தானுங்களே. இழுத்துட்டு அமுத்துனேன், வரலை. பலமா அமுத்துனேன். பின்னாடி ரப்பர் வாசர் புடுங்கிக்கிட்டு அத்தனை கூழும் மேல போச்சு. இன்னைக்கும் எங்க சமையக்கட்டு மேல்செவுத்துல அந்தக் கறை இருக்குது. ஈஸ்வரி அதைச் சுண்ணாம்பு அடிக்க உட மாட்டேங்கறா. வர்ற ஒறம்பரைக்கெல்லாம் காட்டோணுமாம்.

அடுத்தது பாட்டில் மேல திருகறது. ஓட்டல்ல கைகழுவற எடத்துல சோப்புத்தண்ணி பாட்டில் வெச்சிருப்பாங்களே, அந்தாட்டம். அமுத்துனா உள்ள போச்சு, மேல வரலை. ஸ்பிரிங்கு உள்ளயே உக்காந்துக்கிச்சு. நானும் மனுசன்தானுங்களே, கோவம் வராதா? ரெண்டு கையிலயும் புடிச்சு இழுத்தேன். தலை கையோட வந்துருச்சு.

அப்பறம் போன்ல படம் பாக்க ஆரம்பிச்சேன். பம்பைப் பத்தியே பேசறதுக்குன்னு ஊருல எத்தனை பேரு இருக்கறாங்க தெரியுங்களா? ஒருத்தன் என்ன பாசையோ தெரியலை, ஒரு வார்த்தை புரியலை, ஆனா அவன் பம்பைப் புடிக்கற புடியிலயே வேலை தெரிஞ்சவன்னு தெரிஞ்சு போச்சு. அவனை நம்பி பேட்டரியில ஓடறது ஒண்ணு வாங்குனேன். தண்ணி நல்லா அடிச்சுதுங்க. ஆயிலுல உட்டதும் முனகுச்சு, சூடாச்சு, கருகுன வாசம் வந்துது, அடங்கிருச்சு. மாசக்கணக்குல இதேதான் வேலை. தோப்புல காய் விழறது கூடத் தெரியலை எனக்கு.

அத்தனையும் ஒடைச்சதுலதான் புத்தி வந்துது. கேட்டுக்கங்க, உங்களுக்கும் ஒரு நாள் ஆகும். பம்புன்னா இரும்பு ஒடம்பா இருக்கோணும். வாசர் எண்ணெயில ஊறி உப்பாததா இருக்கோணும். அந்த வாசர் தனியாக் கடையில கெடைக்கோணும், இல்லீன்னா வாசர் போனாப் பம்பே போச்சு. குழாய் நீட்டமா, முனை இரும்புல வளைஞ்சு இருக்கோணும். இத்தனையும் இருந்தாத்தான் ஒழைக்கும். பொள்ளாச்சியில சந்தைக்குப் போற நாளெல்லாம் அந்த சாமான் கடைக்குப் போயிருவேன். என்னைப் பாத்தாலே கடைக்காரரு சட்டரைப் பாதி எறக்குவாரு. நான் குனிஞ்சு உள்ள போயிருவேன்.

கடைசியில இவன் கெடைச்சான். வாளிப் பம்பு. பாருங்க, அடிபம்பாட்டம் கைப்பிடி. கெட்டியான்னு பாக்கறதுக்குக் கடைப்படியில ஒரு தடவை போட்டுப் பாத்தேன். படிதான் பேந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு, இதுதான் நம்ம பம்புன்னு. கடைக்காரரு, "எடுத்துட்டுப் போயிருங்க சாமி, படியை நானே பூசிக்கறேன்"னுட்டாரு. ஊட்டுக்குக் கொண்டு வந்து ஈஸ்வரிகிட்டக் காட்டுனேன். "இத்தனை ஆராய்ச்சி என்னைக் கட்டறப்பப் பண்ணியிருந்தீங்கன்னா நான் தப்பிச்சிருப்பேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். காது குத்துக்கு நாள் குறிச்சாங்க. தம்பி, இந்தக் குழந்தை தருணிகா இருக்குது பாருங்க, கலாமணிக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசங் கழிச்சுப் பொறந்தது. எத்தனை கோயிலு, எத்தனை ஆசுபத்திரி. மொதல்ல ஒரு நாள் குறிச்சாங்க, மாப்பிள்ளை நேர்ல வந்து கூப்புடலைன்னு நான் போகலை. தள்ளி வெச்சுட்டாங்க. இந்த வாட்டி கலாமணி வந்து உக்காந்துட்டு, "அண்ணா, நீங்க வரலீன்னா எம்புள்ளை காது குத்தாமயே வளரட்டும். வேற மடியில நான் வெக்க மாட்டேன்"னு அழுதுட்டா. மாப்பிள்ளை வாசல்லயே நின்னாரு. உள்ள வரலை. நானும் கூப்புடலை.

சரி, போறதுன்னு முடிவாச்சு. போறதுன்னா எப்படிப் போகோணும்? ஒறம்பரையெல்லாம் கோயில் வாசல்ல நிக்கும். அந்தப் பந்தியில சிரிச்சவங்க அத்தனை பேரும் இருப்பாங்க. சத்தமே இல்லாம ஜீப்பு வந்து நிக்கோணும். அதுக்குப் புது ஆயிலு ஊத்தோணும். முந்தாநேத்துக் காலையில வண்டிக்கடியில பூந்து கீழ் மூடியக் கழட்டுனேன். பழைய ஆயிலு வந்துது பாருங்க, பொன்னாட்டம் பளபளன்னு, தூசி தும்பு இல்லாம. கெட்டுப்போன ஆயிலு அப்படித்தானுங்க ஏமாத்தும். பாக்கறதுக்கு ஒண்ணுந் தெரியாது. சொட்டு மிச்சமில்லாம எறக்கிட்டு, கீழ் மூடிய மாட்டிட்டு, பம்புல புது ஆயிலை நெறைச்சுட்டு, ஊத்தற மூடியக் கழட்டப் போனேன்.

கழலலை.

நான் வருசா வருசம் ஆயுத பூசைக்கு வண்டிக்கு அடியிலயும் பெயிண்ட் அடிப்பேனுங்க. மேல மட்டும் அலங்காரம் பண்ணிட்டு அடியில அம்போன்னு உடறது எனக்குப் புடிக்காது. இந்த வருசம் வேற, மாப்பிள்ளை கை படாத வண்டின்னு சந்தோசத்துல ரெண்டு பூச்சு சேத்து அடிச்சேன். மூடியும் வண்டியும் ஒண்ணாப் போச்சு. தோப்புல போர்வெல் குழாய் கழட்டற ரெஞ்சு இருந்துது, அதைப் போட்டுத் திருகுனேன். மூடியோட மூலையெல்லாம் வழிச்சுக்கிட்டுக் கரைஞ்ச சோப்புக்கட்டியாட்டம் உருண்டையாயிருச்சு. இனி எதை வெச்சுப் புடிக்கறது? நெனைச்சுப் பாருங்க தம்பி. உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்தாச்சு. கையில பொள்ளாச்சியிலயே நல்ல பம்பு. அது நெறைய ஆயிலு. ஊத்தறதுக்கு ஓட்டை இல்லை.

மொதல்ல ஊத்தற மூடி தெறக்குதான்னு பாத்துட்டுத்தான் கீழ் மூடியத் தொடோணும்னு சாயங்காலம் ஈஸ்வரி சொல்றா. உனக்கெப்படிடீ தெரியும்னேன். கலாமணி போன்ல சொன்னாளாம். கலாமணிக்கு யாரு சொன்னதுன்னு நான் கேக்கலை.

வாடகைக் காரு புடிக்கலாம்னா அவ. ஊட்டு வாசல்ல ஜீப்பை வெச்சுக்கிட்டு வாடகைக் காரா? பஸ்ஸுன்னா ஏதோ அவசரமாப் போறான்னு நெனைச்சுக்குவாங்க. அதுதான் ஊரு எந்திரிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பி மொதல் பஸ்ஸைப் புடிச்சுட்டோம். இந்த பஸ்ஸுல வர்றோம்னு கலாமணிக்குக் கூடச் சொல்லலை. ஈஸ்வரி அதுக்குத்தான் மொறைக்கறா.

பம்பை எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்கன்னுதானே கேக்கறீங்க? சீருக்குங்க. சீர்த்தட்டு எப்பவும் ஒத்தப்படையா இருக்கோணும். விடியால கெளம்பறப்ப எண்ணிப் பாத்தா ரெட்டைப்படையா வந்துது. இன்னொண்ணு வேணும். அந்நேரத்துக்கு எந்தக் கடை தெறந்திருக்குது? கையில கெடைச்சது இதுதான். மாப்பிள்ளைக்கும் ஒர்க்‌ஷாப்புல ஆகும். எண்ணிக்கைக்குத்தானுங்க, வேற ஒண்ணுமில்லை. ஆயிலைக் காலி பண்ணிட்டுத் தரலாம்னு பாத்தேன், காலியாக் குடுக்கறது நல்லாருக்காது. பொட்டு நாந்தான் வெச்சேன். ஈஸ்வரி வெக்க மாட்டேனுட்டா.

ஒண்ணு சொல்லட்டுங்களா? எனக்குப் பயமாத்தான் இருக்குது. கோயில் வாசல்ல போயி நிக்கறப்ப அவரு "வாங்க மச்சான்"னு ஒரு வார்த்தை சொல்லலீன்னா நான் என்ன பண்ணுவேன்? வாங்கன்னு சொல்லாத எடத்துல எப்படி உள்ள போயி உக்கார்றது? போகலீன்னா அந்தக் குழந்தை? ராத்திரி பூரா இதேதான். அவரு எடத்துல நானா இருந்தா வாங்கன்னு சொல்ல மாட்டேன். அதான் பயம்.

இருங்க, போனடிக்குது. கலாமணி. சொல்லு அம்மிணி. பாதித் தொலைவு வந்தாச்சு... பஸ்ஸுலதான்... ஆமா, மொதல் பஸ்ஸு. நீ ஏன் கத்தறே? என்னது? யாரு? எங்க ஊட்டுக்கா? எப்ப? அவரு எதுக்கு அங்க போனாரு? ... ம்... ம்... சரி. வெச்சுரு. வெச்சுரு அம்மிணி, நான் பேசறேன்.

தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தெறங்க. காத்தே வரலை.

மாப்பிள்ளை விடியக்கால இருட்டுலயே பைக்குல சாமானெல்லாம் கட்டிக்கிட்டு எங்க ஊட்டுக்குக் கெளம்பிட்டாராங்க. கோயில்ல அத்தனை வேலையையும் போட்டுட்டு. "எம்பொண்டாட்டி பொறந்த ஊட்டுச் சீரு பஸ்ஸுல வரக் கூடாது. மச்சான் அவரு வண்டியிலதான் வந்து எறங்கோணும்"னு சொல்லிட்டுப் போனாராம். நாங்க பஸ்ஸேறுனப்பறம் போயிச் சேந்திருக்காரு. பூட்டுன ஊட்டு முன்னாடி, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஜீப்புக்கடியில படுத்திருக்காராங்க. குழந்தையப் பெத்தவரு. இன்னைக்குக் காது குத்து.

மறுபடியும் அடிக்குது. இது... இது அவரு நம்பருங்க. பேரைப் போட்டு வெச்சிருந்தேன், அழிக்கலை. எடுக்கட்டுங்களா? எடுத்தர்றேன்.

சொல்லுங்க மாப்பிள்ளை... ம்... ம்... பம்புங்களா? பம்பு அங்க இல்லீங்க. பம்பு வந்து... எங்கூடப் பஸ்ஸுல வருதுங்க... இல்லீங்க, மறந்தாப்புல தூக்கிட்டு வரலை. அது சீருங்க. உங்களுக்கு. ... மாப்பிள்ளை? இருக்கறீங்களா?

சிரிக்கறாருங்க தம்பி. வண்டிக்கடியில படுத்துக்கிட்டே சிரிக்கறாரு. மூடி கழண்டுருச்சாமா. ஆயில் டின்னு பக்கத்துலயே இருக்குதாம். பம்பைத்தான் தோட்டம் தொரவெல்லாம் தேடிட்டுக் கூப்புடறாரு. ஒரு வருசங் கழிச்சு மொதல் பேச்சு, "மச்சான், பம்பை எங்க வெச்சீங்க?"ங்கறாரு. சிரிச்சுக்கங்க, நீங்களும் சிரிச்சுக்கங்க. எனக்கு ஒண்ணுமில்லை.

மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கேளுங்க. வண்டி கெடக்குது. அதை அப்படியே போட்டுட்டு வாங்க. நேரமாச்சு... என்னது? மாமன் மடி இருந்தாப் போதும், அப்பன் எதுக்கா? யாரு சொன்னது? நீங்க வராம எம்மடியில குழந்தைய வாங்க மாட்டேன். நல்ல நேரம் போனாப் போகுது, காது குத்தற ஆசாரியை நான் புடிச்சு உக்கார வெச்சுக்கறேன். நீங்க வாங்க. வாங்க மாப்பிள்ளை!

...வெச்சுட்டாருங்க. கெளம்பறேன்னுட்டாரு.

பாத்தீங்களா, இந்நேரத்துக்குத்தான் பஸ்ஸை நிறுத்திட்டு டீக் குடிக்கப் போவாங்க. குடிமங்கலம் நாலு ரோடுங்க இது. நிக்கட்டும், நிக்கட்டும். நமக்கும் நல்லதுதான், அவரும் சித்த கிட்ட வந்துருவாரு. நீங்க ஒரு டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? எனக்கும் எறங்காது.

ஒண்ணு கேட்டாரு, அதை உங்ககிட்டச் சொல்லலை. மூடிய எந்த ரெஞ்சு போட்டு மச்சான் இப்படி வழிச்சீங்கன்னு கேட்டாரு. போர்க்குழாய் ரெஞ்சுன்னேன். அதுக்குக் கிண்டல் பண்ணுவாருன்னு பாத்தேன். "கையில அடி படலையே?"ன்னாருங்க. பட்டுதுதான். இங்க பாருங்க, வெரல் மொட்டி பூரா தோலு போயிருச்சு. ஈஸ்வரிகிட்டக் கூடக் காட்டலை. எனக்கு அவரு மேல இனிக் கோவமே இல்லீங்க தம்பி. இருந்துதான்னே இப்பத் தெரியலை. ஒரு வருசம் அந்த மனுசனைப் பாக்காம இருந்துட்டனே.

எடுத்துட்டாங்க பஸ்ஸை. இனி பத்து நிமிசம்.

ஆரன் சத்தம் கேக்குது. பின்னாடி பாருங்க, பைக்கு ஒண்ணு... அதோ! அவருதாங்க! பட்டு வேட்டி பறக்குது பாருங்க, வெள்ளைச் சட்டை பூராக் கிரீசு. இப்படியா ஓட்டறது? தலையில ஒண்ணும் மாட்டலை. மாப்பிள்ளை! மெதுவாப் போங்க மாப்பிள்ளை! எங்க போகுது காது, அங்கயேதான் இருக்கும்! பாத்துட்டாரு, என்னைப் பாத்துட்டாரு. கையைக் காட்டறாரு. ஓரங்கட்டி நிக்கறாரு.

கண்டக்டர், நிறுத்தச் சொல்லுங்க. பிரிவு வரலைன்னாப் பரவால்லை, இங்கயே எறங்கிக்கறேன். ஈஸ்வரி, சீரை நீ பாத்துக் கொண்டு வந்துரு. பம்பா? அவ எறக்கிக்குவா உடுங்க தம்பி. அந்தக் கம்பிய உடுங்க, நான் எறங்கோணும்.

மாப்பிள்ளை, பின்னாடி சித்த எடம் உடுங்க. ரெண்டு பேரும் சேந்தே போயி எறங்கலாம்.